பழைய டகோமாவுக்குப் பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன்: எது போடலாம்?

ஓட்டுக்காரன் (ஸ்காபரோ):
அண்ணைமார், ஒரு யோசனை சொல்லுங்கோ. என்னட்ட 2004 டொயோட்டா டகோமா பிக்கப் நிக்குது. வி6, 4 வீல் டிரைவ், 3,20,000 கிலோமீட்டர் ஓடிட்டுது. வேலைக்கும் அதுதான், பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில இறக்குறதும் அதுதான்.

நான் டைல் பதிக்கிற ஆள். 12க்கு 24 அங்குல போர்சலின் டைல் பெட்டி ஒண்டு 55, 60 இறாத்தல் வரும். 14 பெட்டியும் ஆறு தின்செட் (டைல் ஒட்டுற சீமெந்துப் பசை) மூட்டையும் ஏத்தினா வாகனம் பின்னுக்குக் குந்தி, லைற் மரக்கொப்பைப் பாக்குது. இரவில 401 ஹைவேயில போனா முன்னுக்குப் போறவை விலத்தி வழி விடுகினம், நான் ஹைபீம் அடிக்கிறன் எண்டு நினைச்சு!

ஒரு கடைக்காரன் லீஃப் ஸ்பிரிங்கை (பின்பக்கத் தகட்டு ஸ்பிரிங்) கழட்டிப்போட்டு நாலு லிங்க் (ஆக்சிலைப் பிடிக்கிற நாலு கம்பி), கொம்பிரசர், டாங்க் எண்டு முழுசா ஏர் போடுவம் எண்டுறான். அவன் கேட்ட காசுக்கு இன்னொரு டகோமா வாங்கலாம். இன்னொருத்தன் ஹெல்ப்பர் பேக், அதான் ஸ்பிரிங்குக்குத் துணையா வைக்கிற காத்துப் பை, காணும் எண்டுறான். வெறுமனே ஓடேக்க தூக்கிப் போடக் கூடாது, மனுசிக்கு நாரி வருத்தம். என்ன செய்யலாம்?

நெல்லைக்காரன் (பிராம்டன்):
நாலு லிங்க்கை விட்டுடுங்க அண்ணே. லீஃப் ஸ்பிரிங் பாரம் மட்டும் தாங்கல, ஆக்சிலை அதோட இடத்துல பிடிச்சு வச்சிருக்கிறதும் அதுதான். அதைக் கழட்டினா கம்பி வெல்ட் பண்ணித்தான் ஆக்சிலை நிறுத்தணும். வண்டியைத் தரையோட உக்கார வச்சுக் காட்டுறவங்களுக்கு அது சரி. டைல் ஏத்துற நமக்கு எதுக்கு?

என் 2006 ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புல ஃபயர்ஸ்டோன் ரைட்-ரைட்ங்கிற ஹெல்ப்பர் பேக் போட்டிருக்கேன். ஸ்பிரிங் அப்படியே இருக்கும், ஃபிரேமுக்கும் அதுக்கும் நடுவுல பேக் உக்காரும். ஒரு சனிக்கிழமையில நானே மாட்டினேன். ஏர் ட்யூபை மட்டும் கட்டிங் பிளேயரால கடிச்சு வெட்டித் தொலைச்சேன். மறுநாள் காலையில லோடோட நிறுத்தின வண்டி இடது பக்கம் சாஞ்சு நிக்குது. சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்தா ஃபிட்டிங் வாயில பொரிபொரியா நுரை. ட்யூபைப் புது பிளேடால நேரா வெட்டிச் சொருகினேன், அதுக்கப்புறம் தொந்தரவே இல்ல.

பழைய கராச் (மார்க்கம்):
தம்பி, பேக் போடும். ஆனா முதல்ல ஒரு சுத்தியலோட வாகனத்துக்குக் கீழ படும்.

லீஃப் ஸ்பிரிங் பாரத்தை முன்னும் பின்னும் ரெண்டு முனையில பிரிச்சு ஃபிரேமுக்குக் குடுக்குது. பேக் அதை ஆக்சிலுக்கு நேர மேல ஒரே இடத்தில குத்தும். இந்த ஊரில பனிக்கு உப்புப் போடுற றோட்டில 20 வருசம் ஓடின ஃபிரேம். தட்டேக்க ‘டிங்’ எண்டாப் பரவாயில்லை. ‘தொப்’ எண்டா கறள் தின்டிட்டுது, பேக் கதையை மறந்திட்டு வெல்டரிட்டப் போம்.

அடுத்தது பிரேக். இதை விக்கிறவன் சொல்லமாட்டான். உம்மட வாகனத்தில பின் ஆக்சிலில இருந்து ஒரு கம்பி ஃபிரேமில இருக்கிற வால்வுக்குப் போகுது. பின்பக்கம் பதிஞ்சா பாரம் ஏறியிருக்கு எண்டு விளங்கி, வால்வு பின் பிரேக்குக்குக் கூட அமுக்கம் விடும். நீர் காத்தடிச்சு உயர்த்தினா அது வெறும் வாகனம் எண்டு நினைக்கும். 1,200 இறாத்தல் பின்னால கிடக்க முன் பிரேக் தனிய மாரடிக்கும். அதால மட்டத்துக்குத் தூக்காதையும், ஒரு அங்குலம் குந்தட்டும்.

ரெண்டு பேக்குக்கும் தனித்தனிக் காத்து லைன் விடும். ‘T’ மாதிரி ஒரு மூட்டுப் போட்டு இணைச்சா வளைவில பாரம் விழுற பக்கத்துக் காத்து மற்றப் பக்கம் ஓடும், வாகனம் இன்னும் சரியும். கொம்பிரசர் எனக்குப் பிடிக்காது. தண்ணி சேரும், ஜனவரியில லைனுக்குள்ள உறையும். டயர் வால்வு மாதிரி ரெண்டை நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில வைச்சா சைக்கிள் பம்பே காணும், பேக்குக்குள்ள காத்து அவ்வளவு கொஞ்சம். வெறுமனே ஓடேக்க 5 பிஎஸ்ஐக்குக் கீழ விடாதையும், பேக் மடிஞ்சு கடிபடும். ஏத்தினாப் பிறகு ஐஞ்சு ஐஞ்சாக் கூட்டி, சில்லு நடுவில இருந்து மட்கார்ட் விளிம்புக்கு டேப் பிடிச்சு அளவும்.

பெட்டியில 5,000 இறாத்தல் எண்டு கிடக்கும். அது பேக் தாங்கிற கணக்கு. கதவு நிலையில ஒட்டியிருக்கிற, வாகனத்துக்கு அனுமதிச்ச மொத்த எடை ஒரு இறாத்தல்கூட ஏறாது.

ஓட்டுக்காரன்:
நேற்றுக் கீழ படுத்தன். ஃபிரேம் ‘டிங்’ தான், கடவுளே எண்டு. ஸ்பிரிங்தான் வெறுமனே நிக்கேக்கயே வளைவு போய் நேராக் கிடக்கு, வலது பக்கம் ஒரு தகட்டில வெடிப்பு. நீங்கள் சொன்ன பிரேக் வால்வுக் கம்பியும் கறள் பிடிச்சு இறுகிப்போச்சு, கையால அசைக்க ஏலாது. எத்தினை வருசமா அப்பிடி ஓடினனோ!

பழைய கராச் (மார்க்கம்):
அப்ப புது ஸ்பிரிங்கும் வால்வும் முதல். போட்டிட்டு அதே 14 பெட்டியை ஏத்தி அளந்து பாரும், பேக் தேவைப்படாமலும் போகலாம். அதுவரைக்கும் ரெண்டு தரமா ஏத்தும்.