முதல் டிஎஸ்எல்ஆர்: நிக்கான் டி3500-இல் 50 மி.மீ. லென்ஸ் ஃபோகஸ் ஆகவில்லை, வாங்கலாமா?

மாடித்தோட்டம்

வணக்கம். இது முதல் கேமரா. லென்ஸோடு சேர்த்து பட்ஜெட் 40,000. எடுக்கப்போவது பெரும்பாலும் வீட்டுக்குள் மூன்று வயதுக் குழந்தை (10-க்கு 12 ஹால், ட்யூப்லைட்), கோயில் தூண் சிற்பங்கள், எப்போதாவது ஏரிப் பறவைகள். வீடியோ வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். நிக்கான் டி3500, 18-55 கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்து வருவது), கூடவே ஒரு 50 மி.மீ. 1.8டி லென்ஸ், எல்லாம் சேர்த்து 29,000. இன்னொன்று கேனான் 200டி மார்க் 2, 18-55 மட்டும், 38,000.

நிக்கானில் 50 மி.மீ.யை மாட்டியதும் திரையில் எச்சரிக்கை வந்தது, ஷட்டர் விழவில்லை. விற்பவர் லென்ஸில் ஒரு வளையத்தைத் திருகினார், படம் எடுத்தது. ஆனால் ஃபோகஸ் தானாக ஆகவே இல்லை, மோட்டார் சத்தமும் இல்லை. "கான்டாக்டைத் துடைச்சா சரியாயிடும்" என்கிறார். பழுது லென்ஸிலா, பாடியிலா?

கண்ணாடிக்கல்

இரண்டிலும் பழுதில்லை. ஆனால் எவ்வளவு துடைத்தாலும் ஆகாது.

லென்ஸின் முழுப்பெயர் 'ஏஎஃப் 50 மி.மீ. 1.8டி'. முன்னால் இருக்கும் அந்த வெறும் 'ஏஎஃப்'தான் விஷயம். அந்த வகை லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் சுழற்ற வேண்டும். லென்ஸைக் கழற்றிப் பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள், ஸ்க்ரூ தலை மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். டி7200, டி7500 பாடிகளில் அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும் சின்ன உலோக நாக்கு ஒன்று லென்ஸ் மாட்டும் வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். டி3500-இலும் டி5600-இலும் அது இல்லை. அவற்றுக்கு நிக்கான் லென்ஸ் பெயரில் 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். வெறும் 'ஏஎஃப்' என்றால் கையால்தான்.

எச்சரிக்கை வந்ததற்குக் காரணம் வேறு. 1.8டி-யில் துளை அளவுக்கென்று தனி வளையம் உண்டு. அதை 22-க்குத் திருப்பிப் பக்கத்தில் இருக்கும் பூட்டைத் தள்ளி வைக்க வேண்டும். வேறு எண்ணில் இருந்தால் பாடி படம் எடுக்க மறுக்கும்.

மாடித்தோட்டம்

நன்றி. கையாலேயே ஃபோகஸ் செய்து பழகிக்கொள்ளலாமா? லென்ஸ் கிட்டத்தட்ட சும்மா வருகிறதே.

கண்ணாடிக்கல்

சிற்பத்துக்கு ஆகும். ஃபோகஸ் சரியாக விழுந்ததும் வ்யூஃபைண்டரின் இடது கீழ் மூலையில் ஒரு வட்டப் புள்ளி நிலையாக எரியும், அதை நம்பலாம். லைட் மீட்டரும் வேலை செய்யும்.

குழந்தைக்கு ஆகாது. எஃப் 1.8-இல் (துளை முழுதும் திறந்த நிலை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) ஒன்றரை மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஆறேழு செ.மீ.தான். புள்ளி எரிந்து நீங்கள் பட்டனை அழுத்துவதற்குள் குழந்தை ஓர் எட்டு வைத்திருக்கும். கண்ணுக்குப் பதில் காது தெளிவாக இருக்கும்.

இன்னொன்று, ஃபோகஸே ஆனாலும் உங்கள் ஹாலுக்கு 50 நீளம். டி3500-இன் சென்சார் சின்னது, 50 மி.மீ. இதில் 75 போலத் தெரியும். 3 மீட்டர் தள்ளிச் சுவரோடு சாய்ந்து நின்றாலும் ஃபிரேமின் நீளப் பக்கத்தில் 1.4 மீட்டர்தான் அடங்கும். 35 மி.மீ. என்றால் 2 மீட்டர். உங்களுக்கு வேண்டிய லென்ஸ் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. 1.8ஜி ('டிஎக்ஸ்' என்றால் இந்தச் சின்ன சென்சாருக்கானது). 50 வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள், மிச்சத்தில் செகண்ட் ஹேண்ட் 35 தேடுங்கள்.

ஷட்டர்_சத்தம்

நிக்கானைப் பிடித்துக்கொண்டே பேசுகிறீர்கள். 200டி மார்க் 2-ஐ இவ்வளவு சீக்கிரம் ஒதுக்கக் கூடாது. மொபைல் மாதிரி திரையைப் பார்த்து எடுத்தால் டி3500 முன்னும் பின்னும் தடவித்தான் ஃபோகஸ் பிடிக்கும். கேனானில் அதே வேலை சட்டென்று முடியும், முகத்தைத் தொடர்ந்து போகும். திரை மடங்கித் திரும்பும், தொட்டால் அங்கே ஃபோகஸ். தரையில் தவழும் உயரத்தில் வைத்து எடுக்க இது பெரிய வசதி.

கண்ணாடிக்கல்

ஒப்புக்கொள்கிறேன், திரையில் கேனான்தான். ஆனால் இந்த ஹாலுக்கு ஏற்ற அகலத்தில் கேனானில் மலிவாக இருப்பது 24 மி.மீ. எஃப் 2.8. 1.8-ஓடு ஒப்பிட்டால் பாதி வெளிச்சம்கூட வராது. கேனானின் மலிவு 1.8, 50 மி.மீ.; அது இந்த பாடியில் 80 போல ஆகிவிடும், திரும்பவும் அதே இடநெருக்கடி. 38,000 கொடுத்த பிறகு கையில் இருப்பது 2,000, அதில் எந்த லென்ஸ் வரும்?

ஃபிளாஷ் விஷயமும் இருக்கிறது. 200டி மார்க் 2-இன் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முள் இல்லை. நடு முள்ளை மட்டும் நம்பும் மலிவு மேனுவல் ஃபிளாஷ் அதில் எரியாது. கேனானின் சொந்த ஃபிளாஷ் எரியும், விலைதான் வேறு. பலர் வாங்கிய பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

நிழல்படி

35 வாங்கினால் டி3500-இல் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். டயலை ஏ மோடில் (துளையை நீங்கள் வைப்பீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) வைத்து எஃப் 2. மெனுவில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) அமைப்புக்குள் ஆட்டோவை ஆன் செய்து உச்சவரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/200 நொடி. ஃபோகஸ் ஏஎஃப்-சி (நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வது), நடுப்புள்ளி ஒன்று மட்டும். 11 புள்ளியையும் திறந்து விட்டால் பக்கத்தில் கிடக்கும் தலையணையைப் பிடிக்கும்.

கிட் லென்ஸை 35-இல் வைத்தால் துளை ஏறக்குறைய எஃப் 4.5-க்கு மேல் திறக்காது. அதில் 1/30 கிடைக்கும் அதே வெளிச்சத்தில் 1.8-க்கு 1/180 கிடைக்கும். கிட் லென்ஸில் விஆர் (நடுக்கம் குறைக்கும் வசதி) இருக்கிறதே என்பார்கள். விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், குழந்தையின் ஓட்டத்தை அல்ல. கல் சிற்பம் நகராது, அங்கே கிட் லென்ஸே போதும்: எஃப் 5.6, 1/15, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று படம் எடுத்தால் ஒன்று தேறும். தொல்லியல் துறை இடங்களில் டிரைபாடுக்கு முன் அனுமதி கேட்பார்கள், அதனால் விஆர் அங்கே உண்மையிலேயே கைகொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய சோக் ட்யூப்லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/200-இல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவோ மஞ்சளாகவோ வரும். கேமரா பழுதென்று நினைக்க வேண்டாம். 1/100-க்கு இறக்கினால் சரியாகும், குழந்தை உட்கார்ந்து விளையாடும்போது அதுவே போதும்.

ஷட்டர்_சத்தம்

சரி, நிக்கான் என்றே வைத்துக்கொள்வோம். பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை.

ஒரு ஜேபெக் எடுத்து கம்ப்யூட்டரில் எக்ஸிஃப் விவரம் (படத்துக்குள்ளேயே பதிவாகும் தகவல்) காட்டும் மென்பொருளில் திறந்தால் ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை ஷட்டர் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்பது தெரியும். இந்த வரிசை பாடிகளை ஒரு லட்சம் என்ற கணக்கில் மதிப்பிடுவார்கள். 20,000-க்குள் என்றால் கவலை இல்லை. அடுத்து எஃப் 22 வைத்து வெளிர்நிற வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் கலைத்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் சென்சார் தூசி. டி3500-இல் சென்சாரை அதிர வைத்துத் துடைக்கும் வசதி இல்லை, ரப்பர் ப்ளோயர் 300 ரூபாய்க்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் படிந்தால் தூசியைவிட மோசம்.

கிட் லென்ஸ் மேல் 'விஆர்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஏஎஃப்-பி 18-55 இரண்டு விதமாக வந்தது, விஆர் இல்லாததும் பார்க்க அச்சு அசல் அதேபோல இருக்கும். பறவைக்கான 70-300 மி.மீ. லென்ஸிலும் இதே குழப்பம் உண்டு, அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

லென்ஸின் ஒரு பக்கம் மொபைல் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். நாலைந்து தூசித் துகள் பரவாயில்லை.

மாடித்தோட்டம்

பார்த்துவிட்டேன். ஷட்டர் 14,200. கிட் லென்ஸில் விஆர் இருக்கிறது. 1.8டி-யின் பின் கண்ணாடியில் ஓரமாக நூல் நூலாகக் கிளை விட்டிருக்கிறது. அந்த லென்ஸ் இல்லாமல் 25,500-க்குப் பேசி முடித்தாயிற்று.

ஷட்டர்_சத்தம்

நல்ல விலை. அந்த 50 இருந்த பையையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம், ஈரம் பிடித்த பை. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் நீலச் சிலிக்கா ஜெல், 40 முதல் 50 சதவீதம் காட்டும் சின்ன ஈரப்பத மீட்டர், இவ்வளவு போதும். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் தனி வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். சமையல் வாணலியில் வேண்டாம்.

கண்ணாடிக்கல்

35-ஐத் தேடும்போது பெயரில் 'டிஎக்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். 'டிஎக்ஸ்' இல்லாத 35 மி.மீ. 1.8ஜி ஒன்றும் உண்டு. பெரிய சென்சாருக்கானது, இதிலும் வேலை செய்யும், ஆனால் விலை மிக அதிகம். ஃபில்டர் அளவு டிஎக்ஸுக்கு 52, மற்றதற்கு 58. விளம்பரப் படத்தில் பெயர் தெரியாவிட்டால் லென்ஸ் மூடியின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இந்த எண் அங்கே இருக்கும்.