சில்லிக்கு டோஃபுவா? புரட்டாசி முடியட்டும் என்கிறார்கள்!

மடிப்பாக்கம் மல்லி:
புரட்டாசி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. மாமனார் இதில் ரொம்பக் கறார். அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்திருக்கும் என் மகன், இந்த நேரம் பார்த்து "சில்லி செய்யேன்மா" என்கிறான். தள்ளுவண்டியில் செக்கச்செவேல் என்று பொரித்துத் தரும் சில்லி காலிஃபிளவர் இல்லை. மாட்டுக்கறியை மிளகாய், சீரகத்தோடு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு டெக்சாஸ்காரர்கள் செய்கிற குழம்பு. கறிக்குப் பதில் டோஃபுவும் (சோயாப் பால் பனீர்) ராஜ்மாவும் போட்டேன். அமெரிக்கச் செய்முறையில் சொன்னபடியே மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள். டோஃபு கிளறக் கிளறத் திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. காரத்தில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். மகன் ஒன்றும் சொல்லாமல் தயிர் சாதத்துக்குப் போய்விட்டான். எங்கே தப்பு? டோஃபுவை விடுவதாக இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரம்பூர் கேரியர்:
தப்பே அந்த டோஃபுதான் மேடம். மீல் மேக்கர் எதற்கு இருக்கிறது? வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. கொத்துக்கறி தோற்றுவிடும். 100 கிராமில் 52 கிராம் புரதம், விலையும் மலிவு, அண்ணாச்சி கடையிலேயே கிடைக்கும். டோஃபு என்பது உப்புப் போட மறந்த பனீர்.

தாம்பரம் டெக்சாஸ்:
ஹூஸ்டனில் 11 வருடம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இரண்டு பேர் செய்வதும் சில்லி இல்லை. அதன் முழுப் பெயர் சில்லி கான் கார்னே. ஸ்பானிய மொழியில் 'கறியோடு மிளகாய்'. 1977-இல் டெக்சாஸ் சட்டசபை அதை மாநில உணவாகவே அறிவித்தது. அசல் டெக்சாஸ்காரர் ராஜ்மா போட்டாலே முறைப்பார். இதில் டோஃபு வேறா? புரட்டாசி ஒரு மாதம்தானே, பையனைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

காரத்துக்குக் காரணம் மட்டும் சொல்லிவிடுகிறேன், பாவம். அங்கே கடையில் 'சில்லி பவுடர்' என்று விற்பது தனி மிளகாய்த்தூள் இல்லை. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டு, ஆரிகானோ, பல சமயம் உப்பும் கலந்த மசாலா. நம் சாம்பார்ப்பொடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவை அப்படியே மெஷினில் அரைத்த குண்டு மிளகாய்த்தூளில் போட்டால் கண்ணீர் வராமல் என்ன வரும்?

மடிப்பாக்கம் மல்லி:
ஐயோ! குண்டு மிளகாயேதான். ராமநாதபுரத்திலிருந்து நாத்தனார் கொடுத்தனுப்பியது.

அண்ணாநகர் அகப்பை:
மல்லி அக்கா, டோஃபுவை விடாதீர்கள். பாக்கெட்டில் 'சில்க்கன்' என்று போட்டிருந்ததா பாருங்கள். அது சூப்புக்கும் இனிப்புக்கும் ஆன வகை, கிளறினால் அப்படித்தான் போகும். 'ஃபர்ம்' என்று போட்ட கெட்டி டோஃபு வாங்கி, தண்ணீரை வடித்துவிட்டு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி போடுங்கள். டோஃபுவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது உறையும்போது பனி ஊசிகளாக விரிந்து, புரதத்தை நெருக்கித் தள்ளும். நெருங்கிய புரதம் இறுகி வலைபோல நின்றுவிடும். பனி உருகியதும் ஊசி இருந்த இடமெல்லாம் ஓட்டை. வெளியே எடுக்கும்போது மஞ்சளாக இருக்கும், கெட்டுப்போய்விட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள் (நான் முதல் தடவை போட்டேன்). முழுக்க உருகவிட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தால் குளியல் பஞ்சு மாதிரி அமுங்கும். கையால் உதிர்த்தால் கொத்துக்கறி பதம்.

ஜப்பானில் இது ரொம்பப் பழைய வித்தை. கோயா மலைத் துறவிகள் குளிரில் டோஃபுவை உறையவைத்து உலர்த்துவார்கள். அதற்குப் பெயரே கோயா டோஃபு. பஞ்சாகிவிட்ட டோஃபு மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும், பச்சை டோஃபு உறிஞ்சாது. ஆனால் கறியில் இருக்கிற கொழுப்பு இதில் இல்லை. அதனால் எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. உதிர்த்ததைக் கடலை எண்ணெயில் ஓரம் முறுகும்வரை தனியாக வறுத்து, அப்புறம் குழம்பில் சேருங்கள்.

பெரம்பூர் கேரியர்:
ஒரு ராத்திரி உறையவைத்து, அரை நாள் உருகவைத்து, பிழிந்து, உதிர்த்து, வறுத்து... இவ்வளவு பாடுபட்டு எதைப் பிடித்தீர்கள்? நான் பத்து நிமிடத்தில் சொன்ன மீல் மேக்கரை! இரண்டுக்கும் தாய் ஒரே சோயாதானே.

அண்ணாநகர் அகப்பை:
தாய் ஒன்றுதான், வளர்ப்பு வேறு சார். டோஃபு சோயாப் பாலைத் திரியவைத்து அழுத்தியது. மீல் மேக்கர் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற மாவைச் சூட்டில் அழுத்திப் பிதுக்கியது. எத்தனை தடவை பிழிந்தாலும் அந்த வாடை ஒரு ஓரத்தில் நிற்கும். 52 கிராம் என்பதும் காய்ந்த சரக்கின் கணக்கு. ஊறியதும் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். அப்போது தட்டில் விழுகிற 100 கிராமில் பதினேழு, பதினெட்டுதான். நல்ல கெட்டி டோஃபு அதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பெரம்பூர் கேரியர்:
வாடை, பிழிகிற கையைப் பொறுத்தது. ஊறவைக்கிற வெந்நீரில் உப்புப் போட்டு, மூன்று தண்ணீர் மாற்றிப் பாருங்கள். புரதக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். விலைக் கணக்கில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குரோம்பேட்டை பாட்டி:
தாம்பரம் தம்பி, 'கறியோடு' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் கறி இல்லாத மிளகாயும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? என் பிறந்தகத்தில் கறி என்றால் வாழைக்காய்க் கறி. எதிர்வீட்டில் ஆட்டுக்கறி. சங்க காலத்திலோ கறி என்றால் மிளகு. பேரை வைத்துக்கொண்டு சண்டைக்கு வராதே.

மல்லி, ராஜ்மா வெந்ததா என்று யாருமே கேட்கவில்லையே? முதல் நாள் ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் குக்கரில் குழைய வேகவிடு. அப்புறம்தான் தக்காளி. புளிப்புப் பட்டால் பயறு விறைத்துக்கொள்ளும், போர் தண்ணீரின் உப்பும் அப்படித்தான். உன் பிள்ளை மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பானையில் பச்சை ராஜ்மாவைப் போடலாம் என்பான், விடாதே. அந்தச் சூட்டில் அதன் நஞ்சு போகாது. நாலைந்து வேகாத பயறு போதும், வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

ஆரிகானோவுக்குக் கடை கடையாக அலையவும் வேண்டாம். தொட்டியில் கற்பூரவல்லி இருக்கும், இரண்டு இலை கிள்ளிப் போடு. வெளிநாட்டில் அதையே கியூபா ஆரிகானோ என்கிறார்களாம், பேத்தி காட்டினாள்.

தாம்பரம் டெக்சாஸ்:
பாட்டியிடம் வாதாட நான் தயாரில்லை. ஆனால் பெயரை விட்டாலும் ருசியை விட மாட்டேன். டோஃபு போட்டால் அடியில் ஒரு கனம் இருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு: இரண்டு கரண்டி காபி டிகாக்‌ஷன். சிரிக்காதீர்கள், அங்கேயே பலர் காபி ஊற்றுவார்கள். சிக்கரி கலக்காத தூளாக இருந்தால் நல்லது. குழம்பைக் கெட்டியாக்க மஞ்சள் மக்காச்சோள மாவு. சூப்புக்குக் கரைக்கிற வெள்ளை கார்ன் ஃப்ளவரைப் போட்டால் பசையாகிவிடும். நிறத்துக்கு பியாட்கி மிளகாய், குண்டு மிளகாய்த்தூள் அரை ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். இத்தனையும் சொல்லிவிட்டு மறுபடியும் சொல்கிறேன், இது சில்லி இல்லை.

பெரம்பூர் கேரியர்:
சில்லி இல்லாததற்கு இவ்வளவு செய்முறையா!

மடிப்பாக்கம் மல்லி:
ஞாயிற்றுக்கிழமை செய்தேன். கேரியர் சாருக்கும் நியாயம் வேண்டும் என்று இரண்டு வாணலி. ஒன்றில் உறையவைத்த டோஃபு, ஒன்றில் மீல் மேக்கர். மற்றதெல்லாம் ஒன்றே: பியாட்கி, வறுத்துப் பொடித்த சீரகம், பூண்டு, தக்காளி, ராஜ்மா, கற்பூரவல்லி, டிகாக்‌ஷன். மகனுக்கு எது எதுவென்று சொல்லவில்லை. முதல் வாய்க்கு மீல் மேக்கரைத்தான் "இது கறி மாதிரி இருக்கு" என்றான். மெல்லும் பதத்தில் கேரியர் சார் ஜெயித்துவிட்டார். ஆனால் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டது டோஃபு வாணலியிலிருந்து. ஏனென்று கேட்டேன். குழம்பு உள்ளே இறங்கியிருக்கிறதாம்.

பெரம்பூர் கேரியர்:
முதல் வாய்தான் மேடம் உண்மை பேசும். இரண்டாவது தடவை பசி பேசியிருக்கும்.

அண்ணாநகர் அகப்பை:
பசித்தவன் மீல் மேக்கர் வாணலிக்கே போயிருக்கலாமே சார்?

குரோம்பேட்டை பாட்டி:
சண்டை போதும். மறுநாள் எப்படி இருந்தது? இந்த மாதிரிக் குழம்பெல்லாம் மீன்குழம்பு போல, ஒரு ராத்திரி போனால்தான் சேரும்.

மடிப்பாக்கம் மல்லி:
எங்கே பாட்டி, பார்க்கவே விடவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மிச்சம் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி, திங்கட்கிழமை காலை இட்லிக்குத் தொட்டுக்கொண்டு மாமனார் காலி செய்துவிட்டார். "ராஜ்மா குருமா பரவாயில்லை, கொஞ்சம் தேங்காய் அரைத்து விட்டிருக்கலாம்" என்றார்.