தை அமாவாசையும் 650 சொற்களும்

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவமாக இணையத்தில் நிரப்பும் காமன் ஆப் விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். சிவகாசியில் அதே வாரம்தான் ஆடிப்பெருக்கு. அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவரும் நாள். எங்கள் வீடு ஒரு சிறிய அச்சகத்தின் மாடியில் இருக்கிறது. எந்திர ஓசை கேட்கக் கேட்கத்தான், அந்த விண்ணப்பத்தில் 650 சொற்களுக்குள் என்னைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரையைத் தொடங்கினேன்.

முதலில் எழுதியது ரோபோ போட்டியைப் பற்றி. பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டும் ஒருவர் அதைத் திருத்திக் கொடுத்தார். சிறுவயது முதலே அறிவியலில் தணியாத ஆர்வம் என்று தொடங்கி, உலகை மாற்றுவேன் என்று முடிந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இந்தப் பிள்ளை யாரும்மா?" என்றார். உண்மையிலேயே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து விண்ணப்பத்தை ஒழுங்காகப் பார்த்தேன். செயல்பாடுகளை எழுதத் தனியாக 10 இடங்கள் இருக்கின்றன. ரோபோ போட்டி அங்கே ஏற்கெனவே இருந்தது. மதிப்பெண்களைப் பள்ளி அனுப்பிவிடும். இந்த 650 சொற்கள்தான் நான் பேசுவதற்கான இடம். அதிலும் அதே போட்டியையா சொல்வது?

பத்தாம் வகுப்பு படித்தபோது ஒரு தினசரி காலண்டருக்குப் புரூஃப் பார்த்தேன். தை அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். 1,000 காலண்டர்களைக் கட்டி அடுக்கிய பிறகுதான் அப்பாவின் கண்ணில் பட்டது. அந்தத் தாளைப் பார்த்துத் தர்ப்பணம் கொடுக்கப் புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா திட்டவில்லை. இரண்டு இரவுகள் இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு காலண்டரிலும் மேல் தாள்களை விரலால் விலக்கி, தவறான நாளிலும் சரியான நாளிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம். விரல் நுனியில் பசை காய்ந்து தோலோடு உரிந்தது. அதன் பிறகு எதையும் ஒருமுறை கீழிருந்து மேலாகப் படிப்பது பழக்கமாகிவிட்டது. மேலிருந்து படித்தால் பிழையைக் கண்ணே சரிசெய்துகொண்டு போய்விடுகிறது.

இதைத்தான் எழுதினேன். முதல் வரைவு 1,100 சொற்கள். அதில் 300 சொற்கள் திதி, நட்சத்திரம், ராகுகாலம் பற்றிய விளக்கம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, "முன்னோருக்கு நீர் விடும் நாளை இந்தத் தாள் சொல்கிறது" என்று ஒரே வாக்கியம் வைத்தேன், போதுமானதாக இருந்தது. வெட்ட மனமே வராதது கடைசிப் பத்தி. பொறுப்பு என்றால் என்னவென்று கற்றுக்கொண்டேன் என்று நீளமாக எழுதியிருந்தேன். எங்கள் ஆங்கில ஆசிரியை அதன் மேல் பென்சிலால் கோடு இழுத்தார். "பசை காய்ந்த விரலைக் காட்டிவிட்டாயே, பிறகு இது எதற்கு?" என்றார். அவர் சொன்னது சரி. பலர் நல்ல கட்டுரையைக் கெடுத்துக்கொள்வது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. அங்கே விண்ணப்பமே தனி. 8 கேள்விகளில் 4-க்கு, ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும்.

காமன் ஆப்பிலும் பல கல்லூரிகள் "எங்கள் கல்லூரி ஏன்?" என்று தனியாகக் கேட்கும். அனுப்பும் இரவில் அந்தப் பதில்களையும் கீழிருந்து மேலாகப் படித்தேன். ஒன்றில், மூன்றாவது வரியில், வேறொரு கல்லூரியின் பெயர் இருந்தது.