1855ல ஐஸ்லாந்துல இருந்து யூட்டா போன பெண்கள்: எதுக்காக போனாங்க?

வெண்மதி_கே

வணக்கம் நண்பர்களே. எங்க நூலக வாசகர் வட்டத்துல புலம்பெயர்ந்த பெண்கள் பத்தி பேசச் சொல்லியிருக்காங்க. எல்லாரும் எடுக்கிற பேரையே நானும் எடுக்க வேண்டாம்னு தேடினப்போ கிடைச்சவங்க மார்கிரெத் கீஸ்லாதோத்திர், ஹெல்கா யோன்ஸ்தோத்திர்னு ரெண்டு பேர். ஐஸ்லாந்துக்கு தெக்க இருக்கிற வெஸ்ட்மன் தீவுகள்ல மார்மன் மதத்துக்கு மாறினவங்க (அமெரிக்காவுல தோன்றின ஒரு கிறிஸ்தவப் பிரிவு, யூட்டாதான் அவங்க மையம்; அப்போ அதுல பலதார மணமும் உண்டு). மார்கிரெத்தோட கணவர் சாமுவேல் பியார்னசன், ஹெல்கா, ஆக மூணு பேரா கிளம்பி 1855 செப்டம்பர்ல சால்ட் லேக் சிட்டி போய் சேர்ந்து, அங்கிருந்து ஸ்பானிஷ் ஃபோர்க்ல குடியேறியிருக்காங்க. அமெரிக்காவுல ஐஸ்லாந்துக்காரங்க நிலையா குடியிருந்த முதல் ஊரே அதுதானாம்.

வீட்ல சொன்னதும் என் தங்கச்சி, "பலதார மணம் பண்றதுக்காக மூளைச்சலவை பண்ணி கூட்டிட்டு போயிருப்பாங்க, இதுல பேச என்ன இருக்கு"ன்னு முடிச்சுட்டா. எனக்கு மனசு ஒப்பல. கடலையும் மலையையும் தாண்டி, திரும்பி வரவே முடியாதுன்னு தெரிஞ்சே ஒருத்தி கிளம்புறான்னா காரணம் அவ்ளோ சின்னதா இருக்குமா? வறுமையா, நம்பிக்கையா, கட்டாயமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடல்நாரை

வெண்மதி, அந்த தீவு எப்படி இருந்துச்சுன்னு பார்த்தா பாதி பதில் கிடைச்சிடும். மீன் பிடிக்கணும், இல்லன்னா பாறை உச்சில இருந்து கயித்துல தொங்கி கடல்பறவையும் முட்டையும் எடுக்கணும், வேற பொழப்பு கிடையாது. ரெண்டுலயும் ஆம்பளைங்க சாவாங்க, விதவைங்க நிறைய. அதைவிட கொடுமை பிரசவம். பிறந்த குழந்தைக்கு ஏழு எட்டு நாள்ல தாடை இறுகிப் போகும், பால் குடிக்க முடியாது, வலிப்பு வந்து செத்துடும். டெட்டனஸ்தான், ஆனா அப்போ காரணம் யாருக்கும் தெரியாது. 1847 வரைக்கும் அங்க பிறந்த குழந்தைங்கள்ல பாதிக்கு மேல இப்படித்தான் போயிருக்கு. அப்புறம் ஷ்லைஸ்னர்னு ஒரு டேனிஷ் டாக்டர் வந்து பிரசவ வீடு ஒண்ணு தொறந்து தொப்புள்கொடி வைத்தியத்தை மாத்தினார், சாவு மடமடன்னு குறைஞ்சது. அதாவது மார்கிரெத், ஹெல்கா தலைமுறை பெண்கள் தொட்டில் காலியாகிறத வீட்டுக்கு வீடு பார்த்தே வளர்ந்தவங்க.

அடுத்தது சட்டம். சொந்தமா பண்ணையோ குத்தகை நிலமோ இல்லாதவங்க, ஆணோ பெண்ணோ, யாரோ ஒரு விவசாயி வீட்ல வருஷ ஒப்பந்தத்துக்கு வேலைக்காரங்களா இருந்தே ஆகணும். சும்மா தனியா குடித்தனம் நடத்த விடமாட்டாங்க. வருஷத்துக்கு ஒருதரம் மே மாசம்தான் வேலை மாறலாம். 1894ல தான் அந்த கட்டு கணிசமா தளர்ந்துச்சு. பெண்ணுக்கு கூலி ஆணுக்கு தர்றதுல பாதி அளவுதான். சொத்து இல்லாத ஜோடி கல்யாணம் பண்றதே கஷ்டம், நாளைக்கு இவங்க பிள்ளைங்கள ஊர்ப் பணத்துல வளர்க்க வேண்டி வருமோன்னு ஊர்ப் பெரியவங்களுக்கு பயம். கதியத்துப் போனவங்கள, குறைஞ்ச காசுக்கு யார் வெச்சு சோறு போடுவாங்களோ அவங்க வீட்ல கொண்டு போய் விடுவாங்க.

அதே ஏழை வீட்ல எழுதப் படிக்கவும் தெரியும், அதையும் மறந்துடாதீங்க. பாதிரியார் வீடு வீடா வந்து யாருக்கு எவ்ளோ வாசிக்க தெரியும்னு பேரேட்டுல குறிப்பார். குளிர்கால ராத்திரில எல்லாரும் ஒரே அறையில உக்காந்து கம்பளி நூக்குறதும் பின்னுறதுமா இருப்பாங்க, ஒருத்தர் விளக்குகிட்ட உக்காந்து சத்தமா வாசிப்பார். அந்த அறையில வளர்ந்த பெண்ணை மூளைச்சலவைன்னு ஒரே வார்த்தையில தள்ள முடியாது. பைபிள் அவளுக்கு நல்லாவே தெரியும், கேட்டு எடைபோட்டுத்தான் முடிவு பண்ணியிருப்பா.

சாலமன்_தூத்துக்குடி

கடல்நாரை சொன்ன அத்தனையும் சரி, ஆனா ஒரு இடத்துல மாறுபடுறேன். வறுமைதான் காரணம்னா தீவே காலியாகியிருக்கணுமே. ஐஸ்லாந்துல இருந்து ஜனங்க கூட்டங்கூட்டமா அமெரிக்கா, கனடா போக ஆரம்பிச்சது 1870கள்ல. 1855ல அப்படி ஒரு எண்ணமே அந்த ஊர்ல கிடையாது. இவங்க மூணு பேரும் அந்த அலைக்கு 15 வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. அவங்களுக்கு முன்னாடி போய் லெட்டர் போட்ட சொந்தக்காரங்க யாருமில்ல, அங்க நிலம் கிடைக்கும்னு சொல்லவும் ஆளில்ல. நம்பிக்கைய கழிச்சுட்டா இந்தக் கணக்கு நிக்காது.

அந்த நம்பிக்கைக்கு அவங்க என்ன கொடுத்தாங்கன்னும் பாருங்க. கோபன்ஹேகன்ல தொழில் படிக்கப் போன தொராரின் ஹாஃப்லிதாசன், குத்முந்துர் குத்முந்துசன்னு ரெண்டு இளைஞர்கள் அங்க மார்மனா மாறி 1851ல தீவுக்கு திரும்பி வந்து பேச ஆரம்பிச்சாங்க. கொஞ்ச காலத்துல தொராரின் கடல்ல மூழ்கி இறந்துட்டார். டென்மார்க்ல 1849லயே மத சுதந்திரம் வந்தாச்சு, ஆனா அவங்க ஆட்சியில இருந்த ஐஸ்லாந்துக்கு அது 1874 அரசியல் சட்டம் வர்ற வரைக்கும் கிடையாது. அங்க அரசு மதமா இருந்த லூத்தரன் திருச்சபைய விட்டு வெளிய போனா பாதிரியாரும் எதிரி, அரசு அதிகாரியும் எதிரி. நாலாயிரம் பேர் இருக்கிற ஊர்னா ஒதுங்கி வாழலாம். சில நூறு பேரே இருக்கிற தீவுல எங்க ஒதுங்குறது? கரையோரமா பாறைக்கு நடுவுல கடல்தண்ணி தேங்குற ஒரு இடத்துலதான் ஞானஸ்நானம். அந்த குளிர்ல, ஊர் பார்த்துடுமோங்கிற பயத்தோட அந்த தண்ணிக்குள்ள இறங்கினவங்கள சோத்துக்கு மாறினாங்கன்னு யாராவது சொன்னா எனக்கு கோவமே வருது. எங்க ஊர்ப் பக்கமும் மதம் மாறின ஏழைங்கள பத்தி இதே பேச்சுதான், ஏழைக்கு ஆத்துமான்னு ஒண்ணு இருக்காதா?

அதோட மார்மன் போதனையில "கூடி வாங்க"ன்னு ஒரு கட்டளை இருந்துச்சு. நம்பினவங்க எல்லாரும் யூட்டாவுல ஒண்ணா சேரணும். அதுவும் விசுவாசத்துல ஒரு பகுதி, அதனாலதான் மாறினதுமே மூட்டை கட்டினாங்க.

யூட்டாவாசி

நான் சால்ட் லேக் பக்கம் வேலை பார்க்கிறேன். இங்க இருக்கிற நம்மாளுங்களுக்கு ஸ்பானிஷ் ஃபோர்க்னா கிருஷ்ணர் கோவிலும் ஹோலியும்தான். அதே ஊர்லதான் ஐஸ்லாந்துக்காரங்க நினைவுச்சின்னமும் இருக்கு, 1938ல வெச்சது. கலங்கரை விளக்கம் மாதிரி கட்டியிருக்காங்க. சுத்தி மலை, கடல் எங்கயோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், நடுவுல ஒரு கலங்கரை விளக்கம். வந்தவங்க எங்கிருந்து வந்தாங்கன்னு வேற எதுவும் எழுத வேண்டியதில்ல. 2005ல 150 வருஷ விழாவுக்கு அப்போதைய ஐஸ்லாந்து ஜனாதிபதி ஓலாஃபுர் ராக்னர் க்ரிம்சனே வந்திருந்தார்.

பயணம் பத்தி யாரும் சொல்லல, அதை கண்டிப்பா பேசுங்க வெண்மதி. லிவர்பூல்ல இருந்து 1855 ஜனவரில ஜேம்ஸ் நெஸ்மித்ங்கிற பாய்மரக் கப்பல், உள்ள 400க்கு மேல மார்மன்கள், பெரும்பாலும் ஸ்காண்டிநேவியாக்காரங்க. பிப்ரவரி கடைசில நியூ ஆர்லியன்ஸ். அங்கிருந்து நீராவிப் படகுல மிசிசிப்பி ஆத்துல மேல ஏறி, கான்சஸ்ல அட்சிசன் பக்கம் மார்மன் க்ரோவ்னு ஒரு முகாம். மாட்டு வண்டி, மாவு, பன்னிக்கறி எல்லாம் ஏத்தி அங்கிருந்துதான் வண்டித்தொடர் கிளம்பும். அதுக்கப்புறம் 1,600 கிலோமீட்டருக்கு மேல. வண்டின்னா ஏறி உக்காந்து போனாங்கன்னு நினைக்காதீங்க, வண்டி முழுக்க சாமான், தெம்பு இருக்கிறவங்க நடந்தாகணும். வழியில காலரா. அவங்க குழுவுக்கு தலைவரா இருந்த ஜேக்கப் செக்ரிஸ்டே அதுல இறந்துட்டார். வாழ்நாள் முழுக்க மரமே இல்லாத தீவுல, எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிய வளர்ந்தவங்களுக்கு அந்த புல்வெளியும் வெயிலும் எப்படி இருந்திருக்கும்!

வந்து சேர்ந்த வருஷமும் மோசம். வெட்டுக்கிளி வெள்ளாமைய தின்னுடுச்சு, அந்த குளிர்காலத்துல மாடுங்க கூட்டம் கூட்டமா செத்துச்சு. ஏற்கெனவே டேனிஷ்காரங்க இருந்ததால ஸ்பானிஷ் ஃபோர்க் போனாங்க, பேச்சுத்துணைக்காவது ஆளிருக்கும்ல. ஆரம்பத்துல மண்ணை வெட்டி மேல கூரை போட்ட குழி வீடுதான். அதுக்கு மட்டும் இவங்க பயந்திருக்க மாட்டாங்க, ஐஸ்லாந்துல ஏழை வீடே புல்மண் சுவர்தான். 1860 வரைக்கும் அங்க வந்து குடியேறினவங்க மொத்தமே 16 பேர். 1914 வரைக்கும் எல்லாம் சேர்த்தாலும் நானூத்து சொச்சம்தான்.

வெண்மதி_கே

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பார்க்கல. சாலமன் அண்ணா சொன்ன 15 வருஷ விஷயத்த அப்படியே எடுத்துக்கிறேன். ஆனா தங்கச்சி கேட்ட பலதார மணம்? அதை தொடாம போனா கூட்டத்துல கண்டிப்பா எழுந்து கேப்பாங்க.

கடல்நாரை

தொட்டே ஆகணும், மூடி மறைக்க வேண்டாம். 1852லயே சர்ச் அதை வெளிப்படையா அறிவிச்சாச்சு, 1890ல தான் இனிமே கூடாதுன்னு தலைவர் அறிக்கை விட்டார். ஸ்பானிஷ் ஃபோர்க் ஐஸ்லாந்துக்காரங்கள்லயும் பண்ணிக்கிட்டவங்க உண்டு, அதுல வேதனைப்பட்ட பெண்கள் யூட்டா முழுக்க இருந்தாங்க, அதுக்கு சப்பைக்கட்டு கட்ட எனக்கு விருப்பமில்ல. ஆனா பெரும்பாலான குடும்பங்கள்ல ஒரு கணவன் ஒரு மனைவிதான்.

இதையும் பக்கத்துலயே சொல்லுங்க. யூட்டாவுல பெண்களுக்கு ஓட்டு 1870லயே வந்துச்சு. பலதார மணத்த ஒழிக்கிறோம்னு வாஷிங்டன் 1887ல அந்த ஓட்டையே பிடுங்குச்சு, 1896ல மாநிலமானப்போ திரும்ப கிடைச்சது. ஐஸ்லாந்துல விதவைக்கும் தனியா குடும்பம் நடத்துற பெண்ணுக்கும் உள்ளூர் ஓட்டு 1882ல, நாடாளுமன்ற ஓட்டு 1915ல, அதுவும் 40 வயசு ஆனவங்களுக்கு மட்டும். ஸ்பானிஷ் ஃபோர்க் போன ஐஸ்லாந்துப் பெண் ஊர்ல இருந்த அவ அக்காவுக்கு ரொம்ப முன்னாடியே ஓட்டு போட்டிருக்கலாம். அடிமையா போனான்னு சொல்றவங்க இதுக்கும் பதில் சொல்லணும், சுதந்திரமா போனான்னு சொல்றவங்க அந்த ரெண்டாம் மனைவிக்கும் பதில் சொல்லணும்.

சாலமன்_தூத்துக்குடி

போனவங்க எல்லாரும் கடைசிவரை மார்மனாவே இருக்கலங்கிறதையும் சேர்த்துக்கோங்க வெண்மதி. அதே ஸ்பானிஷ் ஃபோர்க்ல பிற்பாடு ஐஸ்லாந்துக்காரங்க சில பேர் லூத்தரன் சபைக்கே திரும்பினாங்க. 1881ல போன எய்ரிக்குர் ஓலாஃப்சன், சில வருஷத்துல மதத்தையும் விட்டு நாட்டுக்கே திரும்பி வந்து பயண அனுபவத்தை எழுதினார். ஐஸ்லாந்து எழுத்தாளர் லாக்ஸ்நெஸ் தன் யூட்டா நாவலுக்கு கரு எடுத்தது அவர்கிட்ட இருந்துதான். ஆனா அவர் போனது ரயில் காலம், 1869க்கு அப்புறம் பயணம் ரொம்ப சுருங்கிடுச்சு. மார்கிரெத்துக்கும் ஹெல்காவுக்கும் அந்த வசதி இல்ல.

யூட்டாவாசி

ஆவணம் தேடப்போறீங்கன்னா ஒரு விஷயம். ஐஸ்லாந்து பேரேட்டுல அவங்க மார்கிரெத் கீஸ்லாதோத்திர்னு அப்பா பேரோட இருப்பாங்க. யூட்டா பதிவுகள்ல கணவர் பேரான பியார்னசன்னும் வரும், அதையே எழுதினவர் காதுல விழுந்தபடி நாலு விதமாவும் எழுதியிருப்பாங்க. அதனால பேரை மட்டும் வெச்சு தேடாம பிறந்த வருஷத்தையும் கப்பல் பேரையும் சேர்த்து போடுங்க. ஐஸ்லாந்து பாரிஷ் பேரேடுங்க ஸ்கேன் பண்ணி ஆன்லைன்லயே இருக்கு, யார் எந்த வருஷம் ஊரை விட்டு போனாங்கன்னு பாதிரியார் தன் கையெழுத்துல எழுதி வெச்சிருப்பார். வெஸ்ட்மன் தீவு ஏட்டுல 1854 பக்கத்துல ஆரம்பிங்க.