ரெண்டு பேர், ரெண்டு கிடார், சின்ன மேடை: அனுபவப் பகிர்வு

மாடிக் கஃபே:

சென்னை, புதுச்சேரி பக்கம் கஃபே மாடி, கல்லூரி முற்றம், தெரு விழான்னு வாசிக்க ஆரம்பிக்கிற அக்கூஸ்டிக் ஜோடிகளுக்காக இந்த இழை. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. ரெண்டு குரல், ரெண்டு கிடார். இல்லன்னா ஒரு கிடார், ஒரு கஹோன் (மேல உட்கார்ந்து கையால தட்டுற மரப்பெட்டி). முதல் நிகழ்ச்சிகளைக் கவுக்குறது பெரும்பாலும் வாசிப்பு இல்ல. கேபிள், ஸ்ருதி, மானிட்டர் (பாடுறவங்க தங்களையே கேட்க வைக்கிற ஸ்பீக்கர்), இந்த மூணுதான். தெரிஞ்சவங்க எழுதுங்க. சொந்தக் கதை வேணாம், விவரம் போதும்.

நான் கஃபேயிலிருந்து ஆரம்பிக்கிறேன். உட்கார இடம் கேட்கும்போது முதுகுக்குப் பின்னால சுவர் இருக்கட்டும், கண்ணாடி வேணாம். டைல்ஸ் தரை, தாழ்ந்த கூரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடின்னு இருந்தா ரிவர்பை (எதிரொலி எஃபெக்ட்) அறவே மூடிடுங்க, அறையே போதுமான அளவு குடுக்கும். காபிக் கொட்டை அரைக்கிற மெஷினும் பால் நுரைக்கிற குழாயும் இருக்கிற பக்கம் போகாதீங்க. அந்த இரைச்சல் குரலோட மெய்யெழுத்துகளைத்தான் முதல்ல முழுங்கும். பாட்டு கேட்கும், வரி புரியாது.

நாப்பது பேர் உட்கார்ற இடத்துக்கு 10 அல்லது 12 இன்ச் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருக்கிறது) ஒண்ணே போதும். ஸ்டாண்டை ஏத்தி, உட்கார்ந்திருக்கிறவங்க தலைக்கு மேல ஹார்ன் (ட்ரெபிள் வர்ற பாகம்) வர்ற மாதிரி வைங்க. கீழ வெச்சா முதல் மேசைக்குக் காது வலிக்கும், கடைசி மேசைக்கு எதுவும் போகாது.

40 நிமிஷ செட்டுன்னா 8 பாட்டு, பத்து இல்ல. கேப்போ (கம்பிகளை ஒரு ஃப்ரெட்ல அமுக்கி நிறுத்துற கிளிப்) மாத்துறது, ட்யூனிங், ரெண்டு வார்த்தை பேசுறதுன்னு பாட்டுக்கு ஒரு நிமிஷம் கரையும். நடுவுல 15, 20 நிமிஷம் இடைவெளி விட்டா கிச்சனுக்கும் சந்தோஷம், அப்பதான் ஆர்டர் வரும். முதல் பாட்டு ரெண்டு பேரும் சேர்ந்து பாடுற, நடுத்தர ஸ்ட்ரம்மிங் உள்ள பாட்டா இருக்கணும். காலி அறையில செக் பண்ண சத்தம் ஆள் நிறைஞ்சதும் மாறிடும், உடம்பும் துணியும் ட்ரெபிளைக் குடிச்சிடும். அதனால அந்த முதல் பாட்டுதான் நிஜமான சவுண்ட் செக். மெல்லிசா விரல்ல மீட்டுற பாட்டோட ஆரம்பிச்சா எதைச் சரி பண்ணணும்னே தெரியாது.

மேசையில இருக்கிறவங்க பேசுறதுக்கு ஒருத்தர் காதுப்பக்கம் இன்னொருத்தர் சாயுறாங்கன்னா சத்தம் அதிகம். அப்போ கிடாரைக் குறைங்க, குரலைத் தொடாதீங்க.

ஒன்பது வோல்ட்:

கிடார் பிக்கப் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்குற கருவி) பத்தி. உள்ளே 9 வோல்ட் பேட்டரியும் வால்யூம் நாபும் இருந்தா ஆக்டிவ். சேடிலுக்கு (பிரிட்ஜ்ல கம்பி உட்கார்ற துண்டு) அடியில பீஸோ தகடு மட்டும் இருந்து நேரா ஜாக்குக்கு வந்தா பேசிவ். பேசிவ் பீஸோவுக்கு 1 மெகா ஓம் அல்லது அதுக்கு மேல இன்புட் இம்பீடன்ஸ் (சொருகுற பக்கத்து மின்தடை) வேணும். வாடகைக்கு வர்ற பேசிவ் டிஐ பாக்ஸ் (கிடார் சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) பலதும் 140 கிலோ ஓம் பக்கம்தான். அதுல சொருகினா கீழ்ச் சத்தம் போயிடும், கிடார் ஒல்லியா, தகரமாக் கேட்கும். சவுண்ட் பார்க்கிறவர் ஈக்யூல (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கிற நாபுகள்) பேஸைத் தூக்குவார், உடனே ஸ்பீக்கர் கத்தும், அதான் ஃபீட்பேக். குத்தம் கிடார்லயும் இல்ல, அவர்கிட்டயும் இல்ல. பேசிவ் பிக்கப்புக்கு ஆக்டிவ் டிஐ, இல்லன்னா தனி ப்ரீஆம்ப் (சிக்னலை முதல்ல பெருக்கிக் குடுக்கிற பெட்டி). ஆக்டிவ் கிடாருக்கு எந்த டிஐயும் ஓகே.

ஆக்டிவ் டிஐக்கு மிக்ஸர்லேர்ந்து 48 வோல்ட் ஃபேன்டம் (மைக் கேபிள் வழியாவே போற கரண்ட்) போகணும். சின்ன மிக்ஸர்ல எல்லா சேனலுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச்தான் இருக்கும். சரியா வயர் பண்ண எக்ஸ்எல்ஆர் (மூணு முள் மைக்) கேபிள்ல இருக்கிற டைனமிக் (கரண்ட் தேவைப்படாத) மைக்குக்கு அதனால ஆபத்து இல்ல. ஆனா சேனலை மியூட் பண்ணிட்டுத்தான் அந்த ஸ்விட்சைத் தொடணும், இல்லன்னா ஸ்பீக்கர்ல அடிக்கிற 'டொம்'முக்கு ஊரே திரும்பிப் பார்க்கும்.

கிடார்லேர்ந்து டிஐ வரைக்கும் 3 மீட்டர் கேபிள் போதும். அங்கேர்ந்து மிக்ஸர் எவ்வளவு தள்ளி இருந்தாலும் எக்ஸ்எல்ஆர் போட்டுக்கலாம். மிக்ஸர் 15 மீட்டர் தள்ளி இருக்குன்னு கிடார் கேபிளையே ஒண்ணோட ஒண்ணு ஜாயின் பண்ணி இழுத்தா இரைச்சலும் வரும், பேசிவ் கிடார்னா சத்தமும் குறையும்.

கேபிள் சொருகின நொடியிலேர்ந்து பேட்டரி ஓடும். சவுண்ட் செக் நாலு மணிக்கு, நிகழ்ச்சி ஏழு மணிக்குன்னா நடுவுல கழட்டி வைங்க. தீர்ந்துபோற பேட்டரி அழுத்தி ஸ்ட்ரம் பண்ணும்போதுதான் முதல்ல கரகரக்கும். மெதுவா வாசிச்சு செக் பண்றவங்களுக்குத் தெரியவே தெரியாது.

எக்கோ குறைங்கண்ணே:

சவுண்ட் சர்வீஸ் பக்கத்திலேர்ந்து பேசுறேன். தெரு விழாவுல மைக் செட் போடுறவர் கல்யாணம், கூட்டம், கரோக்கேன்னு பழகினவர். எக்கோ எப்பவுமே ஆன்ல இருக்கும். போனதும் குத்தம் சொல்லாதீங்க. "அண்ணே, பாடும்போது மட்டும் லைட்டா வைங்க, பேசும்போது மியூட் பண்ணிடுங்க"ன்னு முதல்லயே சொன்னா செஞ்சு குடுப்பார். பாட்டுக்கு நடுவுல பேசுறது எக்கோவுல கலங்கினா, ஜோடி என்ன சொல்லுதுன்னே ஜனத்துக்குப் புரியாது.

செக் பண்ற வரிசை: முதல்ல ரெண்டு குரல், அப்புறம் அதுக்கு அடியில கிடார். பல பேர் கிடாரை நல்லா ஏத்திட்டு அதுக்கு மேல குரலைத் தூக்கப் பார்ப்பாங்க, அப்போ இடமே இருக்காது. "ஹலோ, ஒன், டூ" சொல்லி கெயின் (மைக் சிக்னலை மிக்ஸர் உள்ளே வாங்குற அளவு) வைக்காதீங்க. பாட்டுல இருக்கிறதுலயே உச்சமான வரியைப் பாடச் சொல்லி வைங்க.

குரலுக்கு லோ கட் (அதுக்குக் கீழ இருக்கிற சத்தத்தை வெட்டுறது) 100 ஹெர்ட்ஸ் பக்கம், கிடாருக்கு 80. ரெண்டு கிடாரும் ஒரே இடத்துல ஸ்ட்ரம் பண்ணா 200லேர்ந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தம் கலங்கி சகதி. ஒரு கிடார்ல 250ல 3 டெசிபல் குறைங்க. 2,000லேர்ந்து 4,000 வரைக்கும் குரலோட இடம், கிடார்களை அங்கே கொஞ்சம் இறக்குங்க.

டிரெட்நாட் (பெரிய உடம்பு) கிடாரோட உடம்புக் காத்து 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல அதிரும். ஆறாம் கம்பி மூணாவது ஃப்ரெட் 98, அஞ்சாம் கம்பி ஓப்பன் 110. இந்த ரெண்டு சுரம் வர்றப்போ மட்டும் 'ஊஊ'ன்னு நிக்காம வளர்ந்தா காரணம் இதுதான். மொத்த பேஸையும் வெட்டாதீங்க. ப்ரீஆம்ப்ல ஃபேஸ் பட்டன் (சத்த அலையைத் தலைகீழாத் திருப்புறது) இருந்தா அமுக்கிப் பாருங்க, நாட்ச் நாப் இருந்தா அந்த ஒரே இடத்தைக் குறைங்க, ரெண்டும் இல்லன்னா துளைக்கு ரப்பர் மூடி போடுங்க.

மானிட்டர் வைக்கிறதுல நிறையப் பேர் தப்பு பண்றாங்க. எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தை அதிகமா எடுக்கிற) மைக்குக்கு நேர் பின்னாடிதான் காது கேட்காது, வெட்ஜை (தரையில சாய்ச்சு வைக்கிற மானிட்டர்) நேரா எதிர்ல வைக்கலாம். பீட்டா58 சூப்பர் கார்டியாய்டு, முன்பக்கம் இன்னும் குறுகலா எடுக்கிற வகை. அதுக்கு நேர் பின்னாடி கொஞ்சம் கேட்கும், காது அடையறது பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும். அதனால வெட்ஜை நேர் பின்னாலேர்ந்து 55, 60 டிகிரி ஒதுக்கி வைக்கணும். எது எந்த மைக்னு பார்க்காம ஒரே மாதிரி வெச்சா ஒருத்தருக்குக் கத்தும், இன்னொருத்தருக்குக் கத்தாது. மைக் தலையைக் கையால பொத்திப் பிடிச்சா இந்தக் கணக்கு மொத்தமும் போச்சு.

கரண்ட். எல்லாத்தையும் ஒரே ப்ளக் பாயின்ட்லேர்ந்து எடுங்க. மிக்ஸர் ஒரு சுவர்ல, ஸ்பீக்கர் இன்னொரு சுவர்லன்னா 50 ஹெர்ட்ஸ் ஹம் ('ம்ம்'னு விடாம வர்ற கரண்ட் இரைச்சல்) வர வாய்ப்பு அதிகம். சீரியல் லைட் இருக்கிற லைன் வேணவே வேணாம். ஹம் வந்தா டிஐல கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் (சிக்னல் கேபிளோட எர்த்தை மட்டும் பிரிக்கிறது) போட்டுப் பாருங்க. எர்த் பின்னை உடைச்சா போயிடும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. கை கம்பியில, உதடு மைக்ல. நடுவுல வோல்டேஜ் இருந்தா அடி உதட்டுலதான். மல்டிமீட்டரை ஏசியில வெச்சு, மைக் வலைக்கும் கிடார் கம்பிக்கும் நடுவுல அளந்து பாருங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும்.

ஸ்பீக்கரை ஆன் பண்றது கடைசியா, ஆஃப் பண்றது முதல்ல. ஜெனரேட்டருக்கு மாறும்போது மிக்ஸர் செத்து உயிர் வரும், அதுக்கு முன்னாடி ஸ்பீக்கரை அணைச்சிருக்கணும்.

ரெண்டு கட்டை:

மேலே எழுதினவங்க ஒயர்லயே நின்னுட்டாங்க. ஸ்ருதியைத் தப்பா வெச்சா எந்த டிஐயும் காப்பாத்தாது.

கட்டைன்னா பாட்டோட ஆதார ஸ்ருதி: ஒண்ணு சி, ரெண்டு டி, அஞ்சு ஜி, ஆறு ஏ. ஆண் பெண் ஜோடின்னா ஆணுக்கு ஒண்ணு, ரெண்டு கட்டை; பெண்ணுக்கு அஞ்சு, ஆறு கட்டைதான் வசதி. ரெண்டு பேரும் ஒரே ஸ்தாயியில சிரமமில்லாமப் பாடுற இடம் பொதுவா ஒரு ஸ்தாயிக்கும் குறைவு. அதனால சரணத்தை ஆளுக்கொண்ணாப் பிரிச்சு, சேர்ந்து பாடுற வரியை அந்தக் குறுகின இடத்துக்குள்ள விழுற மாதிரி கட்டை தேர்ந்தெடுங்க. வீட்டுல உட்கார்ந்து மெதுவாப் பாடி முடிவு பண்ண கட்டை மேடையில அரைக் கட்டை கீழ இருக்கிற மாதிரித் தோணும். மேடையில எல்லாரும் கொஞ்சம் அழுத்திப் பாடுவாங்க, தாழ்ந்த சுரம் காணாமப் போகும். முழுக் குரல்ல நின்னுக்கிட்டுப் பாடிப் பார்த்து முடிவெடுங்க.

ரெண்டு கிடாரும் ஒரே வடிவத்துல ஒரே கார்டை அடிச்சா அது ஒரு கிடார்தான், சத்தம் கூடின ஒரு கிடார். அஞ்சு கட்டைப் பாட்டுன்னா ஒருத்தர் கேப்போ இல்லாம ஜி வடிவம் வாசிக்கட்டும், இன்னொருத்தர் அஞ்சாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டு டி வடிவம் வாசிக்கட்டும். ஏழுல போட்டா சி வடிவம். மேலே சொன்ன சகதி ஈக்யூ தொடாமலே பாதி குறையும்.

ராகம் தெரியுற பாட்டுகளுக்கு 'டாட்காட்' (டி-ஏ-டி-ஜி-ஏ-டி) ட்யூனிங் அருமை. ஆறாம் கம்பி, ரெண்டாம் கம்பி, ஒண்ணாம் கம்பி மூணையும் ஒரு முழு சுரம் (ரெண்டு ஃப்ரெட் அளவு) இறக்கினா ரெண்டு கட்டைக்கு ச, ப, ச, ம, ப, ச. காந்தாரமே இல்ல, அதனால பாட்டுல எந்தக் காந்தாரம் வந்தாலும் கார்டு அதோட சண்டை போடாது. அஞ்சாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டா அதே அஞ்சு கட்டைக்கு. இறக்கும்போது தேவையானதுக்கும் கீழ போயிட்டு மேல ஏத்தி நிறுத்துங்க, நேரா இறக்கி விட்டா கம்பி நழுவும். இந்த ட்யூனிங் பாட்டு எல்லாத்தையும் செட்டுல ஒண்ணாச் சேருங்க, நடுநடுவுல மாத்தினா கூட்டம் போனை எடுத்திடும்.

மூணாம் சுரத்துல ஹார்மனி போடுறதைப் பழக்கமா வெச்சுக்காதீங்க. மேற்கத்திய மேஜர் பாட்டுல இனிக்கும், மாயாமாளவகௌளை ராகம் மாதிரி இடத்துல ரிஷபத்துக்குப் பக்கத்துல போய் இடிக்கும். அங்கே இன்னொருத்தர் ஷட்ஜத்துலயோ பஞ்சமத்துலயோ நின்னாலே நிறைவு.

உப்புக்காத்து:

கடற்கரை, திறந்தவெளி. பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்துல 2015ல தொடங்கின விழா மாதிரி மணல்பக்க மேடைகளை நினைச்சு எழுதுறேன். மதியத்துக்கு மேல கடல்லேர்ந்து காத்து வரும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் மூடி கட்டாயம், முடிஞ்சா மேடையைத் திருப்பி, காத்து பாடுறவங்க முதுகுப்பக்கம் வர்ற மாதிரி வைங்க. ஸ்பீக்கர் ஸ்டாண்ட் கால் மணல்ல புதையும், அடியில பலகை போட்டு ஒரு கால்ல மணல் மூட்டை கட்டுங்க. வரித்தாள் வேணாம். வேணும்னா ஃபைல்ல போட்டு ரெண்டு பக்கமும் கிளிப்.

வெயில் கம்பி மேல விழுந்தா உலோகம் விரிஞ்சு ஸ்ருதி இறங்கும். ஏசி கார்லேர்ந்து எடுத்த கிடாரை அரை மணி நேரம் நிழல்ல திறந்து வெச்சுட்டு அப்புறம் ட்யூன் பண்ணுங்க. கம்பி முந்தின நாளே மாத்தினதா இருக்கணும், அன்னைக்கே மாத்தினா பாட்டுக்குப் பாட்டு நழுவும். முடிஞ்சதும் கம்பியையும் ஜாக்கையும் உலர்ந்த துணியால துடைங்க. உப்புல துரு சீக்கிரம் ஏறும்.

ஜூன் 21 ஃபெத் த லா மியூசிக், அதாவது இசை விழா நாள், ஃபிரான்ஸ்ல 1982ல ஆரம்பிச்சது. இங்கேயும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் (பிரெஞ்சு மொழி, கலாசார மையம்) வழியா நடக்கும். இந்த மாதிரி பல குழு வர்ற மேடையில முழு சவுண்ட் செக் எதிர்பார்க்காதீங்க. குழு மாறுற கால் மணி நேரத்துக்குள்ள லைன் செக் (ஒவ்வொரு மைக், கேபிள்லயும் சத்தம் வருதான்னு பார்க்கிறது) மட்டும்தான். ஒரு வாரம் முன்னாடியே ஒரு பக்கத்துல எழுதி வாட்ஸ்அப் பண்ணுங்க: யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம், மைக் எத்தனை, டிஐ எத்தனை, நிக்கிறீங்களா உட்காருறீங்களா, கையில்லாத நாற்காலி வேணுமா. அந்த நாற்காலியை எல்லாரும் மறப்பாங்க. கைவெச்ச பிளாஸ்டிக் நாற்காலியில கிடார் வாசிக்கவே முடியாது.

மாடிக் கஃபே:

அனுமதி பத்தி யாரும் சொல்லலையே. 2000ம் வருஷ ஒலி மாசு விதிப்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துல அனுமதி வேணும், திறந்தவெளியில ராத்திரி 10 மணிலேர்ந்து காலை 6 வரைக்கும் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல். மொட்டைமாடி கஃபே பலதுக்கும் அடுத்த வீடுதான் பிரச்சினை, அதனால 9.30க்கு முடியற மாதிரியே செட் போடுங்க. சினிமாப் பாட்டு பாடுற நிகழ்ச்சின்னா ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமையைப் பார்த்துக்கிற அமைப்பு) உரிமம் யார் எடுக்குறாங்கன்னு நடத்துறவங்ககிட்ட முன்கூட்டியே கேளுங்க. தன் பாட்டை அனுமதியில்லாம மேடையில பாடக் கூடாதுன்னு 2017ல இளையராஜா தரப்பிலேர்ந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனது நினைவிருக்கும், இது பெரிய மேடைக்கு மட்டும் உள்ள விஷயம் இல்ல. நேரம், எத்தனை செட், பணம் எப்போ, ஸ்பீக்கர் யாருதுன்னு நாலும் மேலே சொன்ன அதே வாட்ஸ்அப் மெசேஜ்ல இருக்கட்டும்.

பெட்டித்தாளம்:

கஹோனுக்கு ஒரே மைக்னா பின்பக்க ஓட்டைக்கு ஓரமா, கொஞ்சம் சாய்ச்சு, அரை ஜாண் தள்ளி. ஓட்டைக்குள்ள விட்டா வெறும் டொம் டொம்தான், முன்பக்க சரசரப்பு வராது. ரெண்டு மைக் வெச்சா பின் மைக்கோட ஃபேஸைத் திருப்பிப் பாருங்க. எதுல கீழ்ச் சத்தம் கனமா இருக்கோ அதுல விடுங்க. சின்ன கஃபேயில மைக்கே வேணாம், கை போதும்.

கஹோன் இல்லாத ஜோடி, கிடார் உடம்புல தட்டி தாளம் குடுக்கலாம். டப்ளின் கிராஃப்டன் தெருவுல வாசிச்சு வளர்ந்த மெக்சிகோ ஜோடி ரோட்ரிகோ - கேப்ரியேலா கச்சேரியைப் பாருங்க, கேப்ரியேலா கை பாதி நேரம் மரத்துல இருக்கும். ஆனா சேடில் பீஸோவுக்கு அந்தத் தட்டு 'டக்'னு கட்டையாத்தான் போகும். மேல்பலகைக்கு உள்பக்கம் ஒட்டுற தனி பிக்கப் ஒண்ணு இருந்தா அதைத் தனி சேனல்ல எடுத்து, மானிட்டருக்கு அனுப்பாம முன் ஸ்பீக்கருக்கு மட்டும் விடுங்க. மானிட்டருக்கு விட்டா முதல் தட்டுலயே கத்தும்.