நீரிழப்பா, உடல்வறட்சியா? வயிற்றுப்போக்குக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான வயிற்றுப்போக்குக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ், காலரா, ஷிகெல்லா எல்லாம் எழுதியாயிற்று. வாந்தியிலும் பேதியிலும் உடலின் நீரும் உப்பும் வெளியேறிவிடும் நிலைக்குத்தான் சொல் தட்டுகிறது. 'நீரிழப்பு' என்பதைப் பலர் 'நீரிழிவு' என்று படிக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு எதற்குச் சர்க்கரை கலந்த ஓஆர்எஸ் கரைசல் என்று கேட்கிறார்கள். வேறு சொல் சொல்லுங்கள்.

- மொழிபெயர்ப்பாளர்

*

இரண்டும் வேறு வேர், அம்மா. இழ, இழப்பு ஒன்று. இழி என்றால் இறங்கு. திருமுருகாற்றுப்படையின் முடிவில் 'இழுமென இழிதரும் அருவி' வருகிறதே, அந்த இழி. வானம் 'வறக்குமேல்' என்றார் வள்ளுவர். அந்த வற என்பதிலிருந்துதான் வறட்சி. வறம் என்றால் கோடை, பஞ்சம். வறுமையும் இதன் கிளைதான் என்பது என் கருத்து, அதைத் தனி மடலில் எழுதுகிறேன். ஆகவே 'உடல்வறட்சி'.

- ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, உடல்வறட்சி என்றால் தோல் வறண்டிருக்கிறது, எண்ணெய் தேய்க்கவேண்டும் என்று நினைப்பார்கள். நான் வகுப்பில் சொல்லித்தரும் அறிகுறிகள் வேறு: கண் குழிவிழும், அழுதால் கண்ணீர் வராது, சிறுநீர் குறையும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகத்தான் விரியும். தாய்மார் 'பிள்ளை துவண்டுபோச்சு' என்கிறார்கள். 'நீர்ச்சத்துக் குறைவு' என்று வைத்தால் எல்லோருக்கும் புரியும்.

- செவிலியர் பயிற்றுநர்

*

சத்து வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும் (அப்படிப் பார்த்தால் பேதியையும் விட்டுக் கழிச்சலுக்குப் போகவேண்டும், நான் அதற்கும் தயார்). என் கவலை வேறு. அந்தச் சொல்லில் உப்பு இல்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்துதான் குடற்சுவரைக் கடக்கின்றன, பின்னாலேயே நீர் போகிறது. அதனால்தான் 2002இல் உலக சுகாதார அமைப்பு மாற்றியமைத்த ஓஆர்எஸ் கரைசலில் இரண்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல். 1971இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்துக் குடிக்கக் கொடுத்துத்தான் உயிர்களைக் காப்பாற்றினார். 'நீருப்பிழப்பு' என்பேன்.

- மருத்துவ மாணவர்

*

தம்பி, காரணம் சரி. ஆனால் அந்தச் சொல்லை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

- செவிலியர் பயிற்றுநர்

*

செவிலியர் பயிற்றுநர் சொன்னபடி 'நீர்ச்சத்துக் குறைவு' என்றே போடுகிறேன். தம்பியின் கவலைக்காக, முதல்முறை வரும் இடத்தில் 'உடலின் நீரும் உப்பும் குறைதல்' என்று விரித்து எழுதியிருக்கிறேன். கீழே, ஓஆர்எஸ் பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் குடிநீரில் கரைக்கவேண்டும், துத்தநாக மாத்திரையை 14 நாளும் தரவேண்டும், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று பெரிய எழுத்தில்.

- மொழிபெயர்ப்பாளர்

*

அச்சுக்குப் போகட்டும், அம்மா. அடுத்த பதிப்பில் வறட்சியை மீண்டும் எடுப்பேன். நாவறட்சி எல்லோருக்கும் புரிகிறதே, உடல்வறட்சி ஏன் புரியாது?

- ஓய்வுபெற்ற தமிழாசிரியர்