உதவி தேவை: துண்டுத்துணிப் போர்வையின் ஓரம் அலை அலையாக நிற்கிறது

ஒட்டுசுட்டான் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். தையல் எனக்குத் தொழில் இல்லை. பின்னேரத்தில் வீட்டு வேலை முடிந்த பிறகு துண்டுத்துணி பொருத்திப் போர்வை தைப்பது ஒரு விருப்பம், அவ்வளவுதான். இப்போது மூன்று போர்வைகள் பாதியில் கிடக்கின்றன. ஒன்று அம்மாவின் பழைய நூல் சேலைகளில். இன்னொன்று அக்காவின் குழந்தைக்குத் தொட்டில் அளவில். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இலவசச் சீருடைத் துணியில் மிஞ்சிய வெள்ளையும் கொஞ்சம் சீத்தையும். இந்த இரண்டிலும் குறை ஒன்றும் இல்லை.

மூன்றாவதுதான் வம்பு பண்ணுகிறது. நடுவில் எல்லாம் சீத்தைச் சதுரங்கள். சுற்றிவர நாலு பக்கமும் ஐந்து அங்குல அகலத்தில் கருநீலப் பட்டி. நிலத்தில் விரித்தால் நடுப்பகுதி பாய் மாதிரிப் படுக்கிறது, பட்டி மட்டும் படுக்க மாட்டேன் என்கிறது. ஒரு இடத்தில் கையால் அழுத்தினால் ஒரு சாண் தள்ளி இன்னொரு இடத்தில் எழும்புகிறது. தண்ணீர் தெளித்து அயன் பண்ணினேன். கூடினதே தவிரக் குறையவில்லை.

மெசின் பழைய கால்மெசின். கருநீலம், ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு அக்கா தந்த வெட்டுத்துண்டுகள். அடித்துணி இன்னும் வைக்கவில்லை. மேல்துணி, நடுப்படை, அடித்துணி என்ற மூன்று படையையும் சேர்த்து நூலோடினால் அலை தானாக அடங்கிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறா. அடங்குமா, இல்லைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கிளிநொச்சி ரெயிலர்:

தங்கச்சி, முதலில் அந்தக் கருநீலத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நன்றாக இழுபடுகிறதா? வெட்டிய ஓரம் சுருளுகிறதா? அப்படியென்றால் அது ரீசேட் துணி. சீத்தை நெய்த துணி, ரீசேட் பின்னிய துணி. இரண்டையும் ஒரு தையலில் பிடித்தால் ஒன்று நிற்கும், மற்றது ஓடும்.

மெசினின் பல் அடியில் உள்ள துணியைத்தான் இழுத்துக்கொண்டு போகும். மேலே உள்ளதைப் பாதம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். ரீசேட் துணியை மேலே வைத்துத் தைத்தால் அந்த அழுத்தத்திலேயே அது நீளும், நீண்டபடியே தையலும் விழுந்துவிடும். பாதம் பூட்டிய கம்பிக்கு நேர் மேலே, மெசின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தினால் அழுத்தம் குறையும். கட்டாயம் ரீசேட் துணிதான் வேண்டுமென்றால், சேட் கொலருக்குள் வைப்போமே, ஒட்டுகிற கன்வஸ், அதில் மெல்லியதாகப் பார்த்து வாங்கிப் பின்பக்கம் ஒட்டிவிட்டுத் தையுங்கள்.

ஒட்டுசுட்டான் பிள்ளை:

அண்ணை, சுருளுகிறது. ஆனால் ஒரு விஷயம். மேலும் கீழும் மட்டும்தான் அந்தத் துணி. அது போதாமல் போனதால் இடமும் வலமும் கடையில் வாங்கிய கருநீலக் கொட்டன் வைத்தேன். அந்தப் பக்கங்களும் அலைகின்றனவே, கொஞ்சம் குறைவாக?

நெடுங்கேணி:

போர்த்திக்கொண்டு படுக்கும்போது யார் ஓரத்தைப் பார்க்கிறார்கள்? விட்டுவிட்டு அடுத்ததைத் தையுங்கள்.

மல்லாவி மாமி (இப்போது கனடா):

பிள்ளை, நான் இங்கே ஸ்காபரோவில் ஒரு குழுவோடு சேர்ந்து கில்ட், அதாவது இதே துண்டுத்துணிப் போர்வை, தைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கொண்டுவரும் கேள்வியே இதுதான். கொட்டன் பக்கமும் அலைகிறது என்றால் காரணம் துணியில் மட்டும் இல்லை. பட்டியை அளந்து வெட்டினீர்களா, அல்லது நீளமான பட்டியை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டினீர்களா? அப்படித் தைத்தால் பட்டி தனக்கு வேண்டிய நீளத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அது எப்போதும் கூடுதலாகத்தான் எடுக்கும்.

அளக்க வேண்டியது ஓரத்தை அல்ல, நடுவை. ஓரம் கை பட்டு, அயன் பட்டு, தூக்கித் தூக்கி வைத்து இழுபட்டிருக்கும். நடு அப்படியே இருக்கும். போர்வையின் நடுவால் நாடாவை வைத்து வரும் அளவுக்குத்தான் பட்டி. பட்டியையும் ஓரத்தையும் இரண்டாக, பிறகு நாலாக மடித்துக் குறி வைத்து, குறிக்குக் குறி ஊசி குத்துங்கள். எந்தப் பக்கம் தொளதொளப்போ அதை அடியில் போட்டுத் தையுங்கள். ரெயிலர் தம்பி சொன்ன அதே பல் அந்த மிச்சத்தை உள்ளே இழுத்துவிடும்.

நூலோடினால் அடங்குமா என்று கேட்டீர்கள். பட்டி அரை அங்குலம் கூடுதல் என்றால் அடங்கும். அதற்கு மேலே போனால் ஓரத்தில் கொசுவம் விழும், பிறகு மூன்று படையையும் பிரிக்க வேண்டிவரும். இப்போது பிரிப்பதென்றால் ஒரு தையல்தான். பிரித்து, அளவு எவ்வளவு என்று எழுதுங்கள்.

வவுனியா ரீச்சர்:

மாமி சொன்னதோடு ஒன்று. அயன் பண்ணும்போது பெட்டியை இழுத்துத் தேய்க்க வேண்டாம். வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். சிரட்டைக்கரிப் பெட்டி என்றால் இன்னும் கவனம், அதன் பாரமே துணியை இழுக்கும். ஈரத்துணி உலர்ந்த துணியைவிட லேசாக நீளும். தண்ணீர் தெளித்துத் தேய்த்தபோது அலை கூடினது அதனால்தான்.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை நனைத்துக் கருநீலத்தின்மேல் வைத்துச் சூடாக அயன் பிடித்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால், தைக்க முதல் துணியைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். கடைக் கொட்டன் முதல் கழுவலில் சுருங்கவும் செய்யும். அந்தச் சுருக்கத்தைப் போர்வையாக்க முதலே முடித்துவிடுவது நல்லது.

நடுப்படைக்கு என்ன வைக்கிறீர்கள்? வெளிநாட்டு வீடியோ பார்த்துப் பொலியெஸ்ரர் பஞ்சு தேட வேண்டாம். பங்குனி சித்திரையில் எங்கள் பக்கத்து வெயிலுக்கு அதைப் போர்த்த முடியாது. இலவம்பஞ்சும் சரிவராது, கழுவினால் கட்டி கட்டியாக ஒதுங்கும். நைந்த நூல் சேலை ஒன்று, இல்லையென்றால் பழைய பெற்சீற் போதும். மார்கழிப் பனிக்கு அதுவே காணும். வங்காளத்துக் காந்தா வேலையும் பழைய சேலைகளை அடுக்கி நூலோடுவதுதான், அதற்குள் பஞ்சு இல்லை.

ஒட்டுசுட்டான் பிள்ளை:

மேல் பட்டியையும் வலப்பக்கத்தையும் பிரித்துவிட்டேன். மாமி, உங்கள் கணக்குச் சரி. நடுவால் அளந்தால் 57½ அங்குலம். மேல் ஓரம் 58¼. கழற்றிய ரீசேட் பட்டி, இழுக்காமல் நிலத்தில் விரித்து வைத்தே 60! வலப்பக்கக் கொட்டன் பட்டி முக்கால் அங்குலம்தான் கூட.

அதே கடையில் அதே கொட்டன் இன்னும் இரண்டு யார் வாங்கிவந்து ஊறப்போட்டிருக்கிறேன். வாளித் தண்ணீர் மை போல வருகிறது ரீச்சர், நல்ல காலம் கேட்டுவைத்தேன். காய்ந்ததும் 57½க்கு வெட்டப்போகிறேன், இரண்டு முனைத் தையலுக்கும் சேர்த்தா சேர்க்காமலா?

மல்லாவி மாமி (இப்போது கனடா):

விளிம்பில் இருந்து விளிம்புக்கு அளந்தீர்கள் என்றால் தையலுக்கு விட்டதும் அதற்குள் இருக்கிறது. சேர்க்க வேண்டாம், 57½ ஆகவே வெட்டுங்கள். முதலில் எதிரெதிர் பக்கம் இரண்டும். பிறகு அந்தப் பட்டிகளையும் சேர்த்து மற்றத் திசையை நடுவால் புதிதாக அளக்க வேண்டும், பழைய அளவை வைத்து வெட்டிவிடாதீர்கள். மேல் ஓரத்தில் முக்கால் அங்குலம் உள்வாங்க வேண்டும், அதனால் போர்வை அடியில், பட்டி மேலே. நெடுங்கேணிக்கும் ஒன்று: ஓரத்தைப் பார்க்கிறவர் தைத்தவர்தான், தம்பி.

நெடுங்கேணி:

சரி மாமி, தோற்றேன். அந்த ரீசேட் பட்டிகளை என்ன செய்வது? எறிவதா?

கிளிநொச்சி ரெயிலர்:

எறிய வேண்டாம். துணி இழுபடும் பக்கம் நீளமாக வரும்படி ஒன்றரை அங்குல அகலத்தில் வெட்டி இழுங்கள், தானே கயிறாகச் சுருளும். மூன்று கயிற்றைப் பின்னி, வட்டமாகச் சுற்றிக் கையால் தைத்தால் வாசலுக்குக் கால்மிதி. தொழிற்சாலைத் துண்டு இன்னும் வருமென்றால், நெய்த துணி கிடைத்தால் தனியாக எடுத்துவைக்கச் சொல்லி அந்த அக்காவிடம் கேட்டுவையுங்கள். சேட் தைக்கும் பகுதியில் அது நிறைய விழும்.